தலைக்காயத்துக்குப் பிறகு செல்ஃப் ரெகுலேஷன் (தன் நடத்தையைத் தானே கவனித்துக் கட்டுப்படுத்துவது): எதை வைத்து அளக்கிறீர்கள்?

நெல்லை_ஓடி

வணக்கம். நான் ஓடி, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஒரு கேஸ் பற்றிக் கேட்கணும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

34 வயது எலக்ட்ரீஷியன். பைக் விபத்து, ஹெல்மெட் இல்லை. மூளையின் முன்பகுதியான ஃப்ரன்டல் லோபில் இரண்டு பக்கமும் அடி. ஐந்து மாதம் ஆச்சு. கை கால் பலம், நடை, பேச்சு எல்லாம் சரி. நினைவு, கவனம் எல்லாம் பார்க்கிற மோகா டெஸ்டில் 30க்கு 27. ரவுண்ட்ஸில் பார்க்கிறவங்களுக்கு இவர் ஏன் இன்னும் ரிஹாபுக்கு வர்றார்னே புரியாது.

வீட்டுக் கதை வேற. பால் வாங்கப் போனவர் தவணையில் மிக்ஸி எடுத்துக்கிட்டு வந்தார், பால் இல்லை. மாத்திரை டப்பாவை மடியில் வெச்சுக்கிட்டே போன் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார், மாத்திரை உள்ளே போகாது. பிள்ளை தண்ணியைக் கொட்டினா தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தல். அஞ்சு நிமிஷத்தில் எதுவுமே நடக்காத மாதிரி சிரிப்பு.

அன்றாட நடத்தைச் சிக்கல்களைக் கேட்கிற டெக்ஸ் கேள்வித்தாள் கொடுத்தேன். 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 (சிக்கலே இல்லை) முதல் 4 (ரொம்ப அடிக்கடி) வரை. அவர் தனக்குப் போட்டுக்கிட்டது பெரும்பாலும் பூஜ்யம். மனைவி போட்டது பெரும்பாலும் மூணும் நாலும். "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்"கிறார்.

மருத்துவர் கேஸ் ஷீட்டுக்கு ஒரு நம்பர் கேட்கிறார். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்குது, வக்கீலும் அதே நம்பரைத்தான் கேட்கிறார். யார் ஸ்கோரை நம்புறது? நீங்க எதை வைத்து அளக்கிறீங்க?

பிசியோ_பையன்

ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடுங்க அக்கா :)

சும்மா சொன்னேன், அடிக்க வராதீங்க. எங்க பக்கம் நோட்டு கொடுத்து தினமும் எழுதச் சொல்றோம். உடற்பயிற்சி செஞ்சீங்களா, எத்தனை தடவை, கோபம் வந்துச்சா, இப்படி. இவருக்கும் அது சரிவராதா?

எண்கணிதன்

அந்த நோட்டை நம்புவதற்கு முன்னால் 2002-ல் ஆர்தர் ஸ்டோன் குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டதைப் பாருங்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குக் காகித நாட்குறிப்பு கொடுத்தார்கள். அட்டைக்குள் ஒளியை உணரும் கருவி இருந்தது, எப்போது திறந்தார்கள் என்று அதுவே பதிந்துகொள்ளும். சரியான நேரத்தில் எழுதியதாக நோயாளிகள் காட்டியது 90 சதவீதம். கருவி காட்டியது 11 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு நாள்களில் அட்டையைத் திறக்கவே இல்லை, ஆனால் அந்த நாள்களின் பக்கங்களும் பெரும்பாலும் நிரம்பியிருந்தன. மூளையில் அடிபடாதவர்கள் கதையே இது.

பிசியோ_பையன்

ஐயோ. ஓபி வாசல்ல உட்கார்ந்து ஒரே பேனாவுல பதினஞ்சு நாளையும் நிரப்புறதை நானே பார்த்திருக்கேன். ஒரே மை, ஒரே சாய்வு.

பழைய_பஞ்சாங்கம்

நெல்லை_ஓடி, யாருடைய ஸ்கோரையும் தனியாக நம்ப வேண்டாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைத்த முதல் அளவு.

இது ஒன்றும் புதிதல்ல. 1986-ல் நரம்பு உளவியலாளர் பிரிகட்டானோ பேஷன்ட் காம்பிடென்சி ரேட்டிங் ஸ்கேலைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். 30 கேள்விகள். நோயாளிக்கு ஒன்று, உறவினருக்கு ஒன்று, சிகிச்சை தருபவருக்கு ஒன்று. 'இதைச் செய்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்' என்று கேட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடச் சொல்வார்கள். அவர் பார்த்தது சுவாரசியமானது. குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில் நோயாளியும் வீட்டாரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். கோபத்தை அடக்குவது, சண்டையில் பேச்சை அளந்து பேசுவது, இங்கேதான் நோயாளி தன் திறமையைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறார். எனவே மொத்த ஸ்கோரைப் பார்க்காதீர்கள். உங்கள் ஆளும் மனைவியும் எந்தெந்தக் கேள்வியில் பிரிகிறார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள்.

அடுத்தது, 'தெரியும்' என்பதிலேயே படிகள் இருக்கின்றன. 1989-ல் க்ராசனும் உடனிருந்தவர்களும் மூன்றாகப் பிரித்தார்கள். தனக்கு மறதி இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரிவது கீழ்ப்படி. தவறு நடக்கும்போதே 'அடடா' என்று பிடிபடுவது அடுத்தது. 'நாளைக்குச் சந்தைக்குப் போனால் அங்கே சிக்கல் வரும்' என்று முன்கூட்டியே தெரிவது மேல்படி. மோகா இதில் ஒன்றைக்கூடத் தொடாது. டெக்ஸ் தொடுவது கீழ்ப்படியை மட்டும்.

மூன்று படியையும் தொடுகிற கருவி என்றால், 2000-ல் பிரிஸ்பேனில் ஓன்ஸ்வர்த், மக்ஃபார்லண்ட், யங் மூவரும் உருவாக்கிய செல்ஃப் ரெகுலேஷன் ஸ்கில்ஸ் இன்டர்வியூ. பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொல்வதில்லை. நோயாளியே தன் வாழ்க்கையில் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஆறு விஷயம் கேட்பார்கள். அந்தச் சிக்கல் நடக்கிறது என்று உங்களுக்கு எதை வைத்துத் தெரிகிறது, எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா, மாற்றிக்கொள்ள எவ்வளவு விருப்பம், என்ன உத்தி வைத்திருக்கிறீர்கள், அதை நிஜமாகவே பயன்படுத்துகிறீர்களா, பலன் இருக்கிறதா. பத்துக்கு மதிப்பெண் போட வேண்டியது பெரும்பாலும் நீங்கள்தான்.

எனக்கு இதில் பிடித்தது ஐந்தாவது கேள்வி. நான்காவதில் எல்லோரும் பிரமாதமாகப் பதில் சொல்வார்கள். 'கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணணும் சார்.' சரி, போன வாரம் எப்போது எண்ணினீர்கள்? அங்கேதான் அறை அமைதியாகும்.

யாழ்_ஓடி

நல்ல விளக்கம், நன்றி. ஆனா ஒரு சந்தேகம் சேர். எங்கட ஆக்கள் டொக்டரைக் கண்டா "பிரச்சினை ஒண்டுமில்லை, இப்ப நல்ல சுகம்" எண்டுதான் தொடங்குவினம். அது மரியாதை. அதுக்கு மோசமான மார்க் போட்டா மூளைக் காயத்தை அளக்கிறமோ, பண்பாட்டை அளக்கிறமோ?

இன்னொண்டு. மனுசியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு கேட்டா அவர் ஒவ்வொரு கேள்விக்கும் அவவின்ர முகத்தைத்தான் பாப்பார். பதில் அவவின்ரயோ அவரின்ரயோ எண்டே தெரியாது.

பழைய_பஞ்சாங்கம்

நியாயமான கேள்வி. மனைவியை வெளியே உட்கார வைப்பது முதல் வேலை. அட்டெண்டர் இல்லாமல் நோயாளியிடம் பேசுவது நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாடு, ஆனாலும் செய்தே ஆக வேண்டும். மரியாதைக்காகச் சொல்கிற 'நல்லா இருக்கேன்' இரண்டாவது, மூன்றாவது கேள்வியில் கரைந்துவிடும். 'நல்லாத்தான் இருக்கேன், ஆனா கடையில கணக்கு கேட்டா தடுமாறுது' என்று இறங்கி வருவார்கள். தன் நிலை தெரியாதவர் இறங்கமாட்டார். உதாரணம் கேட்டால் 'எனக்கா? அப்படியெல்லாம் இல்லையே' என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார். அந்த ஆச்சரியத்தையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி வையுங்கள்.

எண்கணிதன்

நேர்காணல், கேள்வித்தாள் இரண்டுமே கடைசியில் பேச்சுதான். ஆய்வகத் தேர்வுகள் வைத்தால் தீருமா என்றால் அதுவும் இல்லை. 2013-ல் டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் மூவரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷனை, அதாவது திட்டமிட்டு, தன்னைக் கட்டுப்படுத்தி ஒரு வேலையை முடிக்கும் திறனை, கேள்வித்தாளால் அளந்த மதிப்பும், தேர்வு வைத்து அளந்த மதிப்பும் ஒன்றோடொன்று பொருந்திய அளவு, இடைநிலை மதிப்பில் 0.19 (முழுப் பொருத்தம் என்றால் 1). ஏறக்குறைய இரண்டு வேறு பொருள்கள். கேள்வித்தாள் என்பது வழக்கமாக அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது. தேர்வு என்பது, அமைதியான அறையில், எதிரே ஒருவர் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்து 'இப்போது ஆரம்பியுங்கள்' என்று சொல்லும்போது அவரால் எவ்வளவு முடிகிறது என்பது. வீட்டில் யாரும் 'இப்போது ஆரம்பியுங்கள்' என்று சொல்வதில்லை.

வீட்டுக்காரம்மா

மன்னிக்கணும், நான் மருத்துவத் துறை இல்லை. என் கணவருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக். கூகுளில் தேடும்போது இந்த இழை வந்தது.

நீங்க சொல்ற ஸ்கேல் எல்லாம் எனக்குப் புரியலை. எனக்கு ஒரே கணக்குதான், ஒரு வேலைக்கு நான் எத்தனை தடவை வாயைத் திறக்கணும்னு. குளிக்கப் போங்கன்னு ஒரு தடவை சொன்னா போயிட்டா அன்னைக்கு நல்ல நாள். துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, பாத்ரூம் லைட்டைப் போட்டு, முதுகைத் தள்ளி அனுப்பினாத்தான் போறார்னா மோசமான நாள். ஆஸ்பத்திரியில் இதை யாரும் கேட்டதில்லை. "நடக்கிறாரா, சாப்பிடுறாரா"ன்னு கேட்பாங்க. நடக்கிறார், சாப்பிடுறார். நான்தான் பேசிப் பேசித் தொண்டை வத்திப் போறேன்.

நெல்லை_ஓடி

அம்மா, நீங்க சொன்னது அப்படியே ஒரு டெஸ்ட். எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்னு கரோலின் பாம் குழு உருவாக்கினது. சமையல், போன் செய்வது, மாத்திரை எடுப்பது, பில் கட்டுவதுன்னு நாலு வேலை கொடுப்பாங்க. வேலை முடிஞ்சதா இல்லையாங்கிறதை விட, எவ்வளவு உதவி தேவைப்பட்டதுன்னுதான் மார்க். உதவியே இல்லைன்னா 0. பொதுவா ஒரு குறிப்பு கொடுத்தா 1, சைகை காட்டினா 2, "இதைச் செய்"னு நேரா சொன்னா 3, கை பிடிச்சு உதவினா 4, நாமே செஞ்சு கொடுத்தா 5. நீங்க சொன்ன நல்ல நாள் இதில் 3, மோசமான நாள் 4.

அதுவும் தொடங்குறது, வரிசைப்படுத்துறது, ஆபத்தைக் கவனிக்கிறது, முடிக்கிறதுன்னு தனித்தனியா மார்க் போடலாம். உங்க வீட்டுக்காரருக்குத் தொடங்குறதுதான் சிக்கல் போல. தொடங்கிட்டா முடிச்சுடுவாரா?

வீட்டுக்காரம்மா

ஆமாம் மேடம். தண்ணி மேலே பட்டா அப்புறம் அவரே எல்லாம் பார்த்துப்பார். இதை எழுதி வெச்சா டாக்டர் பார்ப்பாரா?

நெல்லை_ஓடி

கட்டாயம் எழுதுங்க. ஒரு வாரத்துக்குக் குளியல் ஒண்ணு மட்டும் போதும். எத்தனை தடவை சொன்னீங்க, கை வெச்சுத் தள்ள வேண்டி வந்ததா, அவ்வளவுதான்.

யாழ்_ஓடி

அந்த டெஸ்டில சமையல் எண்டா ஓட்ஸ் கஞ்சி. நாங்கள் அதை விட்டிட்டுத் தேத்தண்ணி போடச் சொல்லுறனாங்கள். ஆனா வாழ்க்கையில ஒருநாளும் குசினிக்குள்ள போகாத ஆம்பிளையளுக்கு அதுவும் சரிவராது. தேயிலைப் போத்தல் எங்க எண்டே தெரியாம நிக்கிறவர், மூளையில பிழையெண்டில்லை, வளர்ப்பு அப்பிடி.

மீள்கரை

குடிநோய் மையத்தில் கவுன்சிலர் நான். எங்களுக்கும் இதே தலைவலி உண்டு, வேறு பக்கத்திலிருந்து. 1999-ல் கிர்பி குழு ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. இன்றைக்குச் சின்னத் தொகையா, சில நாள் கழித்துப் பெரிய தொகையா என்று 27 கேள்வி. இன்றைக்கே வேண்டும் என்பவர் அவசரக்காரர் என்று கணக்கு. போதைக்கு அடிமையானவர்கள் மற்றவர்களைவிட அதிகம் 'இன்றைக்கே' என்கிறார்கள் என்பதும் நன்றாக நிறுவப்பட்டதுதான்.

எங்களிடம் வருபவர்களில் கொத்தனார், லோடுமேன் அதிகம். ஒருவர் எல்லாக் கேள்விக்கும் 'இன்னிக்கே' என்றார். ஏன் என்று கேட்டேன். "வாரவட்டிக்காரன் சாயங்காலம் வருவான் சார், ஒரு மாசம் கழிச்சு நீங்க குடுக்கிற காசு அவன் வட்டிக்குக்கூட வராது." அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. அதற்குத் தாளில் கிடைத்தது 'கட்டுப்பாடு குறைவு'. அதனால் அந்த எண்ணைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்வதில்லை நான்.

சொக்கன்_மதுரை

டெக்ஸ், பிரீஃப் ரெண்டும் தமிழ்ல என்கிட்ட இருக்கு. டிரைவ் லிங்க் போடவா?

மட்டுறுத்துனர்

வேண்டாம். பிரீஃப் விலைக்கு விற்கப்படுகிற, உரிமம் உள்ள கேள்வித்தாள். டெக்ஸுக்கும் உரிமைதாரர்கள் இருக்கிறார்கள். அனுமதி பெற்ற மொழிபெயர்ப்பு என்றால் விவரத்தை எழுதுங்கள், கோப்பு வேண்டாம்.

பழைய_பஞ்சாங்கம்

நன்றி. மொழிபெயர்ப்பை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்தார்களா என்பதும் கேட்கப்பட வேண்டியது. வார்டில் நின்றுகொண்டு வாயாலேயே மொழிபெயர்த்துக் கேட்டு, வந்த கூட்டுத்தொகையை வெளிநாட்டு நார்ம்ஸோடு (அங்கே பலரிடம் எடுத்த ஒப்பீட்டு அளவுகளோடு) ஒப்பிடுகிற வழக்கம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதைவிட எண்ணே இல்லாமல் இருப்பது மேல்.

நெல்லை_ஓடிக்கு என் யோசனை, அவரைத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். 1991-ல் ஷாலிஸும் பர்ஜெஸும் லண்டனில் செய்தது இதுதான். மூன்று பேர், மூவருக்கும் ஃப்ரன்டல் லோபில் காயம், மூவருக்கும் நல்ல ஐக்யூ, வழக்கமான தேர்வுகளில் பெரிய குறையில்லை. ஆனால் வாழ்க்கை சிதறிக் கிடந்தது. கடைத்தெருவில் விட்டு, சில சாமான் வாங்க வேண்டும், சில தகவல் விசாரிக்க வேண்டும், குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள். கூடவே விதிகள், செலவு குறைவாக இருக்க வேண்டும், வாங்காமல் கடைக்குள் நுழையக் கூடாது என்பது போல. தேர்வு அறையில் ஒளிந்துகொண்டது தெருவில் வெளியே வந்துவிட்டது. மல்டிபிள் எரண்ட்ஸ் டெஸ்ட் என்று பிறகு ஆஸ்பத்திரி வளாகத்துக்கேற்ற வடிவங்களும் வந்தன.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் கடைகள்தான் களம். கையில் நூறு ரூபாய். ஒரு சோப்பு, ஒரு பேனா, இரண்டு எலுமிச்சை. புது பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு கடைக்கு ஒரு முறைதான் போகலாம். பதினொன்றே காலுக்கு செக்யூரிட்டி பக்கத்தில் நிற்க வேண்டும். விதிகளை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். கிளம்புமுன் கேட்பேன், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தடுமாறுவீர்கள் என்று. திரும்பி வந்ததும் கேட்பேன், எங்கே தடுமாறினீர்கள் என்று.

ஒருவர், உங்கள் ஆளைப் போலவே நல்ல பேச்சுக்காரர். தடுமாற்றமே வராது, பத்து நிமிஷம் போதும் என்றார். மளிகைக் கடையில் சோப்பு வாங்கினார். வெளியே வந்து சீட்டைப் பார்த்தார், எலுமிச்சை. அதே கடைக்குத் திரும்பி நடந்தார். படியில் கால் வைக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, "ஒரு கடைக்கு ஒரு தடவைதான்னு சொன்னீங்கல்ல சார்" என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே போனார். விதி நினைவில் இருக்கிறது, வாயில் வருகிறது, காலைத்தான் அது நிறுத்தவில்லை. சோவியத் நரம்பு உளவியலாளர் லூரியா இப்படிப்பட்ட நோயாளிகளை விவரித்திருக்கிறார். ஜான் டங்கன் என்ற ஆய்வாளர் 1996-ல் இதை ஆராய்ந்து, இலக்கு கைநழுவிப் போவதைத் தனி விஷயமாகவே காட்டினார். நினைவாற்றல் தேர்வில் இதைப் பிடிக்கவே முடியாது. திரும்பி வந்ததும் அந்த மனிதர் "எல்லாம் முடிச்சாச்சு" என்றார். பஸ்ஸை விசாரிக்கவே இல்லை.

என் கேஸ் ஷீட்டில் மூன்று விஷயம் எழுதினேன். மீறிய விதிகள், விட்ட வேலைகள், அவர் முன்னால் சொன்னதற்கும் நடந்ததற்கும் நடந்த பின் அவர் சொன்னதற்கும் உள்ள தூரம். மருத்துவர் கேட்கும் எண் அதிலேயே கிடைக்கும்.

பிசியோ_பையன்

சார், அப்போ சிகிச்சை முடிஞ்சு திரும்ப டெக்ஸ் கொடுத்தா அவர் ஸ்கோர் குறையணும், சரியா?

பழைய_பஞ்சாங்கம்

பெரும்பாலும் கூடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் 'ஒன்றுமில்லை' என்றவர் இப்போது தன் கோபத்தைத் தானே பார்க்க ஆரம்பித்திருப்பார். தனக்குத்தானே 3, 4 என்று போடுவார். தாளில் மோசமடைந்த மாதிரி தெரியும், உண்மையில் அது முன்னேற்றம். மனைவியின் ஸ்கோர் நகர்ந்திருக்கிறதா, தெருவில் விதிமீறல் குறைந்திருக்கிறதா என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு எச்சரிக்கை. கண் திறக்கும்போது மனசு உடையும். தன் நிலை தெரியத் தெரிய மனச்சோர்வு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த வாரங்களில் தூக்கம், பசி, பேச்சு எல்லாவற்றையும் விசாரியுங்கள். 'இப்பதான் சார் எனக்கே தெரியுது' என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்பட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடாதீர்கள்.

எண்கணிதன்

முன்னேற்றத்தை எண்ணாக்க கோல் அட்டெய்ன்மென்ட் ஸ்கேலிங் வசதி. கிரெசுக்கும் ஷெர்மனும் 1968-ல் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் அவருடைய இலக்கு, எதிர்பார்த்த அளவு நடந்தால் 0, அதற்கு மேல் +1, +2, கீழே −1, −2. இவருக்கு 'வாங்கப் போன பொருளோடு வீடு திரும்புவது' நல்ல இலக்கு. இப்போதைய நிலையை −1 என்றோ −2 என்றோ முதலிலேயே எழுதிவிட வேண்டும், பிற்பாடு அல்ல. ஆனால் எல்லா இலக்குகளையும் சேர்த்து டி ஸ்கோர் என்ற ஒரே எண்ணாக்கும் சூத்திரத்தில் இலக்குகளுக்கிடையே தொடர்பு 0.3 என்று ஒரு ஊகம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நோயாளியின் முன்னேற்றத்தைச் சொல்லலாம், இரண்டு நோயாளிகளை ஒப்பிட அதை இழுக்காதீர்கள்.

மீள்கரை

இலக்கை யார் எழுதுவது? எங்களிடம் மனைவி எழுதும் இலக்கு 'குடிக்கக் கூடாது', அவர் எழுதும் இலக்கு 'பொண்டாட்டி நம்பணும்'. இரண்டுக்கும் தனித்தனியாக −2 முதல் +2 வரை போடுகிறோம். ஒன்று ஏறி மற்றது ஏறாத மாதங்கள் நிறைய.

பழைய_பஞ்சாங்கம்

வக்கீல் விஷயம் விட்டுப்போயிற்று. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல, அவர் செய்த தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. எனவே 27 என்ற மோகா எண்ணை மட்டும் அனுப்பினால் அவருக்கு அநியாயம் செய்கிறீர்கள். எலக்ட்ரீஷியன் அவர். டெஸ்ட் போர்டில், மின்சாரம் இல்லாமல், ஒரு சுவிட்ச் மாற்றச் சொல்லிப் பாருங்கள். மெயினை அணைத்தேனா என்று தானாகப் பார்க்கிறாரா, நீங்கள் சொன்ன பிறகு பார்க்கிறாரா, சொல்லியும் பார்க்கவில்லையா? பாம் குழுவின் அதே 0 முதல் 5 வரையே போடலாம். ஸ்டாண்டர்டைஸ் ஆன டெஸ்ட் அல்ல, கவனித்த குறிப்பு என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

எண்கணிதன்

இதில் எனக்கு உடன்பாடில்லை. நாமே உருவாக்கிய தேர்வை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடுவார். நார்ம்ஸ் உண்டா, வேறொருவர் மதிப்பெண் போட்டாலும் இதே வருமா என்று கேட்பார்.

பழைய_பஞ்சாங்கம்

கேட்கட்டும். அதற்கு இரண்டு பேர் பார்த்துத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிடுங்கள். நார்ம்ஸ் உள்ள தேர்வு 'இவர் நலம்' என்கிறது, அவரோ மெயினை அணைக்காமல் ஒயரைத் தொடுகிறார். நீதிபதிக்கு எது பயன்படும்?

எண்கணிதன்

இரண்டையும் அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். அதற்கு மேல் நான் இறங்கமாட்டேன் :)

நெல்லை_ஓடி

எல்லோருக்கும் நன்றி. மனைவியை வெளியே உட்கார வெச்சு இன்டர்வியூ முடிச்சேன். "போன வாரம் எப்போ எண்ணினீங்க"ன்னு கேட்டதும் மனுஷன் மின்விசிறியைப் பார்த்தார். வியாழக்கிழமை தெருவுக்குக் கூட்டிப் போறேன். சார், மனைவியையும் கூட வரச் சொல்லவா?

பழைய_பஞ்சாங்கம்

வேண்டாம். அவர் வந்தால் ஜாடை காட்டிவிடுவார், பாவம், பழக்கம். நீங்கள் பத்தடி பின்னால் நடங்கள், கேட்டால் ஒழியப் பேசாதீர்கள். வியாழனுக்கு முன்னால் ஒரு நாள் சாலையைக் கடப்பதை மட்டும் தனியாகப் பாருங்கள். அதில் தயங்கினாலோ வண்டியைப் பார்க்காமல் இறங்கினாலோ வளாகத்துக்குள்ளேயே கேன்டீன், மெடிக்கல் ஷாப், விசாரணைக் கவுன்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாயைச் சில்லறையாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் கடைக்காரரோடு சண்டையில் போய்விடும்.